தடை என்று சொல்லாத தடை

2025 பிப்ரவரி 15 மாலையில் விகடன் இணையதளம் திறக்கவில்லை என்று பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அதற்கு ஐந்து நாள் முன்பு விகடன் ப்ளஸ் மின்னிதழின் அட்டையில் ஒரு கார்ட்டூன் வந்திருந்தது. அமெரிக்கா திருப்பியனுப்பிய இந்தியர்கள் விலங்கிடப்பட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸ் வந்து இறங்கியிருந்த நேரம் அது. டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி கைகால்களில் விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக வரைந்திருந்தார்கள். பா.ஜ.க.வின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை புகார் அனுப்பினார். தளம் முடங்கிய அன்று, அரசிடமிருந்து தங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்றது விகடன். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நோட்டீஸ் மறுநாள்தான் வந்தது. அதற்கும் மறுநாள் விசாரணைக் குழு கூடியது.

இதே நிறுவனம் 1987-லும் ஒரு கார்ட்டூனுக்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறது. எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்த ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அநியாயமான தண்டனைதான். ஆனால் அது எல்லோர் கண்முன்னும் நடந்தது. சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது, சபாநாயகர் தீர்ப்பை வாசித்தார், ஆசிரியர் சிறைக்குப் போனார். பத்திரிகைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், சில நாட்களில் அவர் விடுதலையானார். பிறகு வழக்குத் தொடுத்து வென்று ஆயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார். தண்டித்தது யார், எதற்காக, எந்த அதிகாரத்தில் என்று ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கொதிப்பு சாத்தியமாயிற்று.

இணையத்தில் அப்படி இல்லை. பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு இணைப்புக் கிடைக்கவில்லை என்று வரும். சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று நாம் வேறு பக்கத்துக்குப் போய்விடுவோம். தளத்தின் முகவரியைக் கேட்கும்போதே தவறான பதில் தருவதில் தொடங்கி, இணைப்பை நடுவிலேயே அறுத்துவிடுவது வரை தடுக்கப் பல வழிகள் உண்டு. இணைய சேவை நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும். அதனால் ஒருவருக்குத் திறப்பது இன்னொருவருக்குத் திறக்காமல் போகும். குழப்பம் இன்னும் கூடும். நெருக்கடி நிலையின்போது, 1975 ஜூன் 28 அன்று, இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. இங்கே ஏதோ பறிக்கப்பட்டிருக்கிறது என்று அந்த வெற்றிடம் வாசகனுக்குச் சொன்னது. இன்றைய தடை அந்த வெற்றிடத்தையும் சேர்த்தே பறித்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் அச்சம் தருவது இதுதான். தான் எதை இழந்தான் என்று தெரியாத வாசகன் யாரிடம் போய் முறையிடுவான்?

பாரதி புதுச்சேரியிலிருந்து நடத்திய 'இந்தியா' பத்திரிகைக்கும் வெள்ளை அரசு இதையே செய்தது. பிரெஞ்சு மண்ணிலிருந்த அச்சகத்தின் மேல் அதனால் கைவைக்க முடியவில்லை. தன் எல்லைக்குள் இதழ் நுழையாதபடி செய்தது. வாசகர்களைச் சேர முடியாத பத்திரிகை 1910-இல் நின்றுபோனது. எழுதுகிறவனை விட்டுவிட்டு, எழுத்து போகிற வழியை மூடுவது அன்றைக்கே தெரிந்த வித்தைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக இணைய உள்ளடக்கத்தைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015-இல் அதே சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 69ஏ பிரிவை மட்டும் நிலைநிறுத்தியது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், வெளியிட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற பாதுகாப்புகள் இருப்பதை அது சுட்டிக்காட்டியது. ஆனால் 2009-இல் வந்த விதிகளில் 16-ஆவது விதி, புகாரும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையும் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. காரணம் எழுதப்படுகிறது, அது வாசகன் கண்ணில் படுவதில்லை. காஷ்மீர் இணைய முடக்கம் பற்றிய வழக்கில் 2020 ஜனவரியில், முடக்க உத்தரவுகளை வெளியிட்டாக வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஒரு பிரதேசத்துக்கே இணையத்தை நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும், ஒரு இதழை நிறுத்தும் உத்தரவை மறைத்துவைக்கலாம் என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அந்தக் காஷ்மீரில்தான் 'காஷ்மீர் வாலா' என்ற செய்தித்தளம் இருந்தது. அதன் ஆசிரியர் ஃபஹத் ஷா 2022 பிப்ரவரியில் கைதானார். 2023 ஆகஸ்டில் தளமே திறக்காமல் போனபோது, அரசு அதைத் தடுத்துவிட்டது என்ற தகவல் அவர்களுக்கு சர்வர் நிறுவனத்திடமிருந்துதான் கிடைத்தது.

இலங்கையிலும் தமிழ்நெட் என்ற செய்தித்தளம் 2007-இல் முடக்கப்பட்டபோது, உத்தரவிட்டது தாங்கள்தான் என்று அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அதன் ஆசிரியர் சிவராம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2005 ஏப்ரலில், கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகே பிணமாகக் கிடந்தார். லங்கா ஈநியூஸ் தளத்தில் எழுதியும் கார்ட்டூன் வரைந்தும் வந்த பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று காணாமல் போனார். ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்போது இரண்டு நாள் இருந்தது. கணவருக்கு என்ன ஆயிற்று என்று சந்தியா எக்னெலிகொட ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறார். ஒரு தளத்தைத் தடுப்பதும் ஒரு ஆளைக் கடத்துவதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் உத்தரவிட்டவன் பெயர் வெளியே வராது என்ற உறுதி இரண்டுக்கும் தேவைப்படுகிறது.

விகடன் நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று தளத்தைத் திறக்கச் சொன்னது. சர்ச்சைக்குரிய கார்ட்டூனை இப்போதைக்கு நீக்கிவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நிம்மதிதான். என்றாலும் அந்தக் கார்ட்டூன் சட்டத்தை மீறியதா என்ற கேள்விக்கு விடை வருவதற்கு முன்பே அது கண்ணிலிருந்து போய்விட்டது. ஒரே ஒரு படத்தின் பெயரால் ஏறத்தாழ மூன்று வாரம் அரசியல் செய்தி, சினிமா விமர்சனம், பசுமை விகடனில் விவசாயிகள் தேடிப் படிக்கிற குறிப்புகள் எல்லாமே மூடிக் கிடந்தன. அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?

விகடனுக்கு நூறாண்டைத் தொடும் பெயர் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், குரல் கொடுக்கக் கட்சிகளும் சங்கங்களும் வந்தன. தாலுகா ஆபீஸ் ஊழலையோ ஊர் மணல் கொள்ளையையோ தனியாளாக வலைப்பூவில் எழுதுகிறவருக்கு இவற்றில் எது இருக்கிறது? அவர் பக்கம் ஒருநாள் திறக்காமல் போனால், எழுதுவதை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்றுதான் அவருடைய வாசகர்கள் நினைப்பார்கள்.

இணையத்தில் 404 என்றால் பக்கம் இல்லை என்று பொருள். 451 என்று இன்னொரு எண்ணும் உண்டு: பக்கம் இருக்கிறது, சட்டக் காரணத்தால் காட்ட முடியவில்லை. புத்தகம் எரிப்பதைப் பற்றி ரே பிராட்பரி எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலின் நினைவாக வைத்த எண் இது. 2015 டிசம்பரில் இணையத் தரநிலையாக ஏற்கப்பட்டது. தடுக்கச் சொன்னது யார், எந்தச் சட்டப்படி என்பதையும் அந்தப் பக்கத்திலேயே சொல்வதற்கு அதில் இடமிருக்கிறது. இந்தியாவில் தடுக்கப்படும் ஒவ்வொரு பக்கத்திலும் இந்த எண்ணும், உத்தரவின் தேதியும், அதைப் பிறப்பித்த அதிகாரியின் பதவியும், மேல்முறையீடு செய்ய வேண்டிய இடமும் தமிழில் இருக்க வேண்டும். 16-ஆவது விதியை நீக்கினால் நாளைக்கே இதைச் செய்யலாம்.