உற்றார் அல்லாத உறவு

குழந்தை பிறந்த வீட்டிற்குச் செல்ல எவரும் தயங்குவதில்லை. ஆனால், இனி நோய் தீராது என மருத்துவர் கூறிவிட்ட ஒருவரின் கட்டிலருகே அமர நெருங்கிய உறவினரும் தயங்குவர். என்ன பேசுவது என்று அறியாது தவிப்பர். அவ்வாறாயின், எவ்வித உறவும் இல்லாத ஓர் அயலார் அங்கே சென்று அமர்வதற்கு என்ன தேவை? அவருக்கு என்ன உரிமை?

சிங்கப்பூரின் சைனாடவுனில், சாகோ லேன் என்னும் சிறு தெருவில் முற்காலத்தில் 'இறப்பு இல்லங்கள்' இருந்தன. கடைவீடுகளின் தடுப்பறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைச் சீனர், இறக்கும் தறுவாயில் அங்கே கொண்டு சேர்க்கப்பட்டனர். வீட்டில் சாவு நிகழ்ந்தால் தீங்கு நேரும் என்னும் அச்சம் ஒரு காரணம். சாவதற்கும் இடமில்லாத வறுமை மற்றொரு காரணம். 1961-இல் அவ்வில்லங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. வழக்கம் ஒழிந்தது, இறக்கும் மனிதனுக்கு யார் துணை என்னும் வினா ஒழியவில்லை.

அதற்கு விடை தேடியவர்களுள் தொண்டூழியர் முன்நின்றனர். 1985-இல் செயின்ட் ஜோசப் இல்லத்தில் கனோசியக் கன்னியர் 16 படுக்கைகளை இறுதிநிலை நோயாளிகளுக்கென ஒதுக்கினர். மறு ஆண்டு, தொண்டூழியர் குழு ஒன்று நோயாளிகளின் வீடுகளுக்கே செல்லத் தொடங்கியது. அம்முயற்சியின் வளர்ச்சியே 1989-இல் உருவான எச்.சி.ஏ. அமைப்பு. 1992-இல் சமயச் சார்பற்ற டோவர் பார்க் அந்திமகாலப் பராமரிப்பு நிலையம் நிறுவப்பட்டது. தேக்காவிலிருந்து வெகு தொலைவில் இல்லாத நொவீனா வட்டாரத்தில் அது இன்று இயங்குகிறது.

1967-இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறப்பவரின் நோவு உடலளவில் நிற்பதன்று என்றார். உள்ளத்தின் நோவு, உறவுகளின் நோவு, வாழ்வின் பொருள் குறித்த நோவு ஆகியனவும் அதில் அடங்கும். முதலாவதற்கு மருந்துண்டு. ஏனைய மூன்றுக்கும் பொறுமையோடு செவிசாய்க்கும் ஒருவர் வேண்டும். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் இவ்வுண்மையைக் கேரளத்தின் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றது. அங்கே பயிற்சி பெற்ற ஊர்மக்களே அண்டை வீட்டு நோயாளியைக் காணச் செல்கின்றனர்.

சிங்கப்பூர் போன்ற பன்மொழி நாட்டில் இத்தேவை இன்னும் கூர்மையானது. முதுமையிலும் நோயிலும் பின்னர்க் கற்ற மொழிகள் நழுவி, தாய்மொழி மட்டும் எஞ்சுவதுண்டு. வாழ்நாளெல்லாம் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசிய மூதாட்டி ஒருவர், கடைசி வாரத்தில் தமிழில் மட்டுமே தண்ணீர் கேட்கிறார் எனக் கொள்வோம். பரிவுமிக்க தாதியர்க்கும் அச்சொல் விளங்காது. "என்ன வேண்டும் பாட்டி?" என்று கேட்க ஒருவர் அருகிருப்பின், அவர் தாகத்தோடு தனிமையும் சிறிது தணியுமன்றோ?

பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள் பிறர்மேல் சுமத்த இது வழிவகுக்காதா என்பார் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. ஆயினும், பல நாள் உறக்கமின்றித் தாயைத் தூக்கியும் துடைத்தும் ஓய்ந்த மகளுக்கு, தொண்டூழியர் தரும் இரண்டு மணி நேரம் கடமையிலிருந்து தப்பிக்கும் வழியன்று. உறங்கி எழுந்தபின் அவள் தாயருகே மீண்டும் மகளாக அமர்கிறாள். பிள்ளைகளே இல்லாதவர்க்கோ அயலாரே உறவு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2001-இல் தோன்றிய 'எவரும் தனியே இறத்தலாகாது' என்னும் திட்டம் இன்று சிங்கப்பூரின் அசிசி நிலையத்திலும் உண்டு. கடைசி மணித்துளிகளில் தொண்டூழியர் முறைவைத்து உடனிருக்கின்றனர்.

மற்றோர் இடர், வாய்மையைப் பற்றியது. "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்" எனப் பிள்ளைகள் வேண்டுகின்றனர். தனித்திருக்கும்போது தந்தையோ, "நான் பிழைப்பேனா?" என்று கேட்கிறார். மருத்துவ முடிவை அறிவிக்கும் பொறுப்பு தொண்டூழியருடையதன்று. பொய் சொல்லும் உரிமையும் அவர்க்கில்லை. "உங்களுக்கு என்ன தோன்றுகிறது, ஐயா?" என்று கேட்டு, வரும் விடையைப் பொறுமையுடன் கேட்டு, அவரது ஐயத்தை மருத்துவக் குழுவிடம் சேர்ப்பதே அவர் செய்யத்தக்கது. அக்கேள்வியை நோயாளி எத்தனை நாள் நெஞ்சில் சுமந்தாரோ! அதை வாய்விட்டுக் கேட்க ஓர் அயலாரே இடமளித்தார்.

அயலாரின் உரிமை யாது என்னும் வினாவிற்கும் இங்கே விடை கிடைக்கிறது. தொண்டூழியர் தம்மை ஈகையாளராகக் கருதின் செருக்கு வரும். தம் அறிவுரையையும் சமயத்தையும் நோயாளிமேல் திணிக்கவும் துணிவர். உண்மையில் அவர் விருந்தினரே. அந்த வாழ்வின் கடைசி அறைக்குள் அவரை அனுமதிப்பவர் நோயாளி. "இன்று வேண்டாம்" என்று நோயாளி முகந்திருப்பினால், வருத்தமின்றி எழுந்து வரத் தெரிந்தவருக்கே மறுநாள் அங்கு அமரும் உரிமை உண்டு.

சாவைத் தள்ளிப்போட அவரால் இயலாது. வலியை நீக்கவும் இயலாது. பயன் விளையாத இடத்தில் நேரம் செலவிடுவதை வீண் என எண்ணப் பழகிய காலம் இது. எனினும், ஒரு மனிதன் எதற்கும் பயன்படாத நிலையை அடைந்த பின்னரும் மதிப்புடையவனே என்பதைச் சொற்களால் மெய்ப்பிக்க முடியாது. ஒருவர் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் அருகே அமர்ந்தால்தான் அது மெய்யாகும்.