எண்ணெய்க்குள் நெருப்பு இருக்கிறதா?

அகலில் நிறைந்த நல்லெண்ணெயின் பரப்பில் தீக்குச்சியைக் கணநேரம் காட்டினால் எண்ணெய் பற்றுவதில்லை. எண்ணெயில் ஊறிய திரியின் நுனியில் காட்டினால் சுடர் எழுகிறது. ஏற்றும் முன் அந்தச் சுடர் எங்கே இருந்தது? காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய பழைய தத்துவக் கேள்வி இது.

எந்தத் திரவமும் திரவமாக எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழ, பெட்ரோலுக்குச் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸே போதும். மண்ணெண்ணெய்க்கு 40 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். நல்லெண்ணெய்க்கு 200 டிகிரிக்கும் மேல். ஆவி காற்றோடு தக்க அளவில் கலக்கவும் வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் பற்றும். இறுதியாக, பொறியோ சுடரோ மிகுந்த சூடோ வேண்டும். திரி எண்ணெயைச் சிறிது சிறிதாக நுனிக்கு ஏற்றுவதால், தீக்குச்சியின் சிறு வெப்பமே அதை ஆவியாக்கிவிடுகிறது.

காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்பது சற்காரியவாதம். எள்ளில் எண்ணெய் இருப்பதால்தான் வருகிறது, மணலில் வராது என்பர் சாங்கியர். முன்பு இல்லாததே புதிதாகத் தோன்றுகிறது என்பர் நியாய மரபினர். செவிலிமேட்டுச் சாலைக் கிணற்றிலிருந்து காஞ்சி வரதராசப் பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்தவராக வைணவ மரபு போற்றும் இராமானுசரும் சற்காரியவாதியே. மண் குடமாவதுபோல், காரியம் என்பது காரணப் பொருள் அடையும் வேறொரு நிலை என்பது அவர் கொள்கை.

அதே காஞ்சியில் பௌத்தமும் தழைத்திருந்தது. மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் பன்னிரு சார்புகளை விரிவாக உபதேசிப்பது இந்நகரில்தான். சார்புகள் கூடினால் ஒன்று தோன்றும். அவை நீங்கினால் அதுவும் நீங்கும். பௌத்த மெய்யியலாளர் நாகார்ச்சுனர் தம் மூலமத்தியமக காரிகையில் 10ஆம் அத்தியாயம் முழுவதையும் நெருப்பும் எரிபொருளும் ஒன்றா வேறா என்ற ஆராய்ச்சிக்கே ஒதுக்கினார்.

எண்ணெய் எரியும், நீர் எரியாது என்பதால் பொருளின் இயல்பை மறுக்க முடியாது. அந்த அளவில் சற்காரியவாதம் நிற்கிறது. ஆனால் குடுவையில் அடைத்த எண்ணெயை எவ்வளவு ஆராய்ந்தாலும் அதில் சுடர் அகப்படாது. ஆவி, காற்று, வெப்பம் மூன்றும் கூடும் இடத்திலேயே அது பிறக்கிறது. இங்கே பௌத்தரின் விடையே வலுவானது.

அந்த விடைக்கு நடைமுறைப் பயனும் உண்டு. தோன்றுவதற்கு எல்லாச் சார்புகளும் வேண்டும். தோன்றாமல் தடுக்க ஒன்றை நீக்கினாலே போதும். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. துயரும் சார்புகளால் விளைவதே. அவற்றை அறுத்தால் அதுவும் அறும் என்பதே பௌத்தம் மனிதனுக்குக் காட்டும் வழி.