காணும் உரிமையும் காக்கும் கடமையும்
மச்சு பிச்சுவின் நுழைவு விதிகள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதர் பலருக்கும் உரியதாகக் கருதப்படும் ஒரு பொருள், அவர் அனைவருக்கும் ஒருங்கே இடந்தர இயலாததாயும் இருக்குமாயின், அதனை எவர், எவ்வளவு, எவ்வொழுங்கில் துய்த்தல் முறையாகும் என்பது அறவியலில் மிகப் பழைய வினாவாகும். உணவு போதாதவிடத்து அதனை மேலும் விளைவிக்கலாம். நிலம் போதாதவிடத்து உள்ளதைப் பகிர்ந்தளிக்கலாம். ஆனால் ஒரு பண்டைய நகரின் எச்சங்களை எவரும் மேலும் விளைவித்தல் இயலாது. கூறுகளாக்கி ஆளுக்கொன்றாக வழங்கவும் இயலாது. அன்றியும், அதனைக் காண வருவோரின் காலடியே அதனைத் தேய்க்கும் கருவியாகவும் அமைகின்றது. இத்தகைய பொருள்கள் குறித்து எழும் நீதிப் பிரச்சினையை, தென்னமெரிக்காவின் பேரு நாட்டிலுள்ள மச்சு பிச்சு என்னும் இன்கா நகரின் நுழைவு விதிகளை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மச்சு பிச்சு, அந்தீசு மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,430 மீற்றர் உயரத்தில், உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கிற்கு மேலே, இரு சிகரங்களுக்கிடைப்பட்ட முகட்டில் அமைந்துள்ளது. கி.பி. 15ஆம் நூற்றாண்டில் இன்காப் பேரரசன் பச்சாகூட்டியின் அரச வாசத்தலமாக இது கட்டப்பட்டதென ஆய்வாளர் பலர் கொள்வர். அங்கு குடியிருந்தோர் மிகுந்திருந்த காலத்திலும் ஏறத்தாழ 750 பேரே எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஸ்பானியரின் வருகையை அடுத்து 16ஆம் நூற்றாண்டிற் கைவிடப்பட்ட இந்நகர், 1911ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹைரம் பிங்கம் அங்கு சென்று, பின்னர் அதுபற்றி எழுதியதனால் உலகறிந்ததாயிற்று. 1983இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இன்று இந்நகருட் புகுவோர் பல விதிகளுக்கு உட்பட்டே புகுதல் வேண்டும். 2017இல் பார்வையாளர் காலை, மாலை என இரு வேளைகளாகப் பிரிக்கப்பட்டனர். 2019இல் ஒவ்வொரு சீட்டுக்கும் நுழையும் மணி வரையறுக்கப்பட்டது. 2024 ஜூன் மாதம் முதல் மூன்று சுற்றுகளும் அவற்றுள் அடங்கும் பத்து வழிகளும் நடைமுறைக்கு வந்தன. முதலாவது சுற்று மேற்படிகளிலிருந்து நகரின் முழுத்தோற்றத்தையுங் காட்டும். ஆயின் நகரின் நடுப்பகுதிக்குள் அழைத்துச் செல்லாது. இரண்டாவது சுற்று அத்தோற்றத்தையும் நகரின் உட்பகுதியையும் ஒருங்கே காட்டுவது. ஆதலாற் பெரிதும் வேண்டப்படுவதும் முதலில் விற்றுத் தீர்வதும் அதுவே. மூன்றாவது சுற்று தாழ்ந்த பகுதிகளூடாகவும் அரச மாளிகையின் அயலிலும் செல்லும். புகழ்பெற்ற முழுத்தோற்றம் அதில் வருபவருக்குக் கிட்டாது. ஒரு சீட்டுக்கு ஒரு வழி மட்டுமே உரியது. சீட்டில் வருபவரின் பெயரும் கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை இலக்கமும் பொறிக்கப்படும். ஒரு வழியினின்று மற்றொன்றிற்கு மாறுதலும் சென்ற பாதையில் மீளுதலும் அனுமதிக்கப்படுவதில்லை. அண்மைய ஆண்டுகளின் விதிப்படி நாளொன்றுக்கு 4,500 பேரும், நெரிசல் மிகுந்த நாட்களில் 5,600 பேரும் புகலாம். அந்நகரில் ஒரு காலத்தில் வாழ்ந்தோரின் ஆறு மடங்கு மக்கள் ஒவ்வொரு நாளும் அதன் கற்களின் மீது நடக்கின்றனர் என்பது இதன் பொருளாகும்.

இத்தகைய கட்டுப்பாடு தேவைதானா என்பது முதலில் நோக்கற்பாலது. மனிதகுலம் முழுவதற்கும் உரியதென அறிவிக்கப்பட்ட ஒன்றின் வாயிலிற் காவலனை நிறுத்துதல் முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் அந்நகரின் அமைப்பை அறிந்தோர் இதனை முரண்பாடெனக் கொள்ளார். மழை மிகுந்த அம்முகட்டில் நகர் நிலைத்து நிற்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும் சுவர்கள் மட்டுமல்ல. நிலத்தின் கீழ் இடப்பட்ட கற்படைகளும் சரளைப்படைகளும் வடிகால்களுமே அதனைத் தாங்கி நிற்கின்றன. மேலே நடக்கும் கூட்டம் மண்ணை இறுகச் செய்கின்றது, படிக்கட்டுகளைத் தேய்க்கின்றது. 2000ஆம் ஆண்டில் ஒரு விளம்பரப் படப்பிடிப்பின்போது பாரந்தூக்கி ஒன்று சரிந்து வீழ்ந்தமையால், இந்திவத்தானா எனப்படும் புனிதக் கல்லின் ஒரு முனை உடைந்தது. 2023 செப்டெம்பரில் அக்கல் நிற்கும் மேடை உட்பட மூன்று பகுதிகள் தேய்வின் காரணமாகச் சிறிது காலம் மூடப்பட்டன. இன்று காண்பவனுக்கு உள்ள உரிமை நூறாண்டுகளின் பின்னர் பிறப்பவனுக்கும் உண்டாயின், கட்டுப்பாடு உரிமையின் மறுப்பாகாது. உரிமையைக் காலந்தோறும் பங்கிடும் முறையேயாகும். எனவே பிரச்சினை கட்டுப்படுத்துவதா இல்லையா என்பதன்று. எம்முறையிற் கட்டுப்படுத்துவது என்பதேயாகும்.

உயிரியலறிஞரான கரெற் ஹார்டின் 1968இல் வெளியிட்ட, பொதுவுடைமைகளின் அவலம் பற்றிய கட்டுரையில், அமெரிக்கத் தேசிய பூங்காக்களை எடுத்துக்காட்டி இதே வினாவை எழுப்பினார். அவற்றைத் தனியாருக்கு விற்றுவிடலாம். பொதுவாகவே வைத்துக்கொண்டு செல்வத்தின்படியோ, தகுதியின்படியோ, குலுக்கற் சீட்டின்படியோ, முந்தி வந்தவர்க்கே முதலிடம் என்ற முறைப்படியோ நுழைவைப் பங்கிடலாம் என வகுத்த அவர், இவை யாவுமே குறைபாடுடையன எனவும், ஆயினும் ஒன்றைத் தெரிந்தேயாக வேண்டும் எனவும் கருதினார். மச்சு பிச்சுவின் நடைமுறையில் இவற்றுட் சில கலந்திருத்தலைக் காணலாம். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது செல்வத்தின்படி பங்கிடுதல். 2024ஆம் ஆண்டில் வயதுவந்த வெளிநாட்டவரின் சாதாரண நுழைவுக் கட்டணம் 152 சோலாகவும், பேரு நாட்டவரின் கட்டணம் 64 சோலாகவும் இருந்தன. ஒரே கல்லைக் காண இருவரிடம் இருவேறு விலை பெறுதல் சமத்துவத்துக்கு மாறானதெனச் சிலர் கூறுவர். ஆனால் சமமானவரைச் சமமாகவும் சமமற்றவரை அவர்தம் நிலைக்கேற்பவும் நடத்துதலே பங்கீட்டு நீதியென அரிஸ்டோட்டில் கொண்டதை ஈண்டு நினைத்தல் தகும். கடல் கடந்து விமானத்தில் வந்தவனுக்கு அக்கட்டணம் பயணச் செலவின் சிறு கூறு. மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிள்ளைகளுடன் வரும் உழவனுக்கோ குறைந்த கட்டணமும் பெருஞ்சுமையாகலாம். குஸ்கோ வட்டாரத்தில் வாழ்வோர் ஞாயிற்றுக்கிழமைகளிற் கட்டணமின்றிப் புக வகைசெய்யப்பட்டிருத்தல் இதனை உணர்ந்ததன் விளைவாகும். ஆகவே இருவகை விலை அநீதியன்று. கூட்டத்தைக் குறைக்கும் பொருட்டு விலையை மட்டும் உயர்த்திக்கொண்டே செல்வதுதான் அநீதியாகும். அவ்வாறு செய்யின், காணும் உரிமை விருப்பத்தின் வலிமையைப் பொறுத்ததாகாது, பணப்பையின் கனத்தைப் பொறுத்ததாகிவிடும்.

இரண்டாவது முந்தி வந்தவர்க்கு முதலிடம் என்பது. வரிசையில் நிற்போர் யாவரும் சமம் என்பதனால் இது நியாயமானதாகத் தோன்றும். ஆயின் வரிசை எங்கே தொடங்குகின்றது என்பதே வினா. இணையத்தின் மூலம் மாதங்களுக்கு முன்னரே சீட்டுகள் விற்கப்படும்போது, வரிசை மலையடிவாரத்தில் தொடங்குவதில்லை. கணினியும் வங்கி அட்டையும் உடையவனின் வீட்டிலேயே தொடங்கிவிடுகின்றது. ஆறு திங்களுக்கு முன்னரே விடுமுறையைத் திட்டமிடக்கூடியவன் அதில் முன்னிற்கின்றான். அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவன் பின்னிற்கின்றான். 2024 ஜனவரியில் சீட்டு விற்பனை தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டபோது, மலையடிவாரத்திலுள்ள மச்சு பிச்சு ஊர் மக்கள் வேலைநிறுத்தஞ் செய்து புகையிரதப் பாதையை மறித்தனர். ஈற்றில் அவ்வொப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவர அரசு இணங்கிற்று. அம்மக்களின் பிழைப்பு பயணிகளிலேயே தங்கியிருத்தலின் அப்போராட்டத்திற் பொருளாதார நலனும் இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. எனினும் பொதுப் பொருளின் வாயிற் சாவி எவர் கையில் இருத்தல் வேண்டும் என்னும் அறவினாவும் அதில் அடங்கியிருந்தது. நாளொன்றுக்கு ஓராயிரம் சீட்டுகளை அவ்வூரிலேயே நேரில் விற்கும் ஏற்பாடு, வரிசையின் ஒரு பகுதியையேனும் மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்த செயலெனலாம்.

தகுதியின்படி பங்கிடுதலும் எண்ணத்தக்கதே. சிறந்த புல்லாங்குழல் சிறந்த கலைஞனுக்கே உரியது என்னும் அரிஸ்டோட்டிலின் உவமை பெயர்பெற்றது. ஆனால் ஒரு நகரைக் காண்பதற்குரிய தகுதியை அளப்பவர் யார்? வரலாறு கற்றவனுக்கே அது திறக்கப்படுமாயின், அதனைக் கண்டபின் வரலாறு கற்க விழையும் இளைஞனுக்கு வழியில்லாது போகும். குலுக்கற் சீட்டு எவரிடமும் பக்கஞ்சாராதது. எனினும் ஆண்டுகள் பல சேமித்து வந்தவனையும் வழிப்போக்கனையும் அது வேறுபடுத்தி அறியாது.

மேற்கூறியவற்றால் எந்தவொரு முறையும் தனித்து நின்று நீதியை நிலைநாட்டாது என்பது புலனாகும். அவ்வாறாயின் ஒரு விதி நீதியானதா என்பதை எதனைக் கொண்டு அறிவது? உள்ளே சென்றவனின் மகிழ்ச்சியைக் கொண்டு அதனை அறிதல் இயலாது. வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவனையே நோக்குதல் வேண்டும். அவனுக்குக் கூறப்படும் காரணம், அவன் தன் இழப்பை உணர்ந்த நிலையிலும், நியாயமென ஏற்றுக்கொள்ளத்தக்கதாக இருத்தல் வேண்டும். ‘இதற்கு மேற்பட்டோரைக் கல்லும் மண்ணும் தாங்கா’ என்பது அத்தகைய காரணமாகும். அது அவனுக்கும் பிறர்க்கும் ஒருபடித்தாய்ப் பொருந்துவது. ‘உன்னிடம் வங்கி அட்டை இல்லை’ என்பதோ அத்தகைய காரணமாகாது. அதற்கும் அந்நகருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆகவே நுழைவைத் தடுக்கும் காரணம் காக்கப்படும் பொருளின் இயல்பிலிருந்தே பிறத்தல் வேண்டும். வருபவனின் செல்வநிலையிலிருந்தோ அதிகாரத்தின் வசதியிலிருந்தோ பிறத்தலாகாது.

இவ்வளவுகோலைக் கொண்டு எண்ணிக்கை விதியை நோக்கின் ஓர் இடர்ப்பாடு தோன்றும். சாதாரண நாட்களில் 4,500 பேருக்கு மேல் தாங்காத கல், நெரிசல் மிகுந்த நாட்களில் மட்டும் 5,600 பேரைத் தாங்குமா? ஆண்டின் நடுப்பகுதி அங்கு வறண்ட காலமாதலின் மண் அப்போது கூடுதலாகத் தாங்கும் எனக் கூறலாம். ஆனால் உயர்ந்த எண்ணிக்கைக்குரிய நாட்களுள் மழைக்காலத்தில் வரும் ஆண்டிறுதி நாட்களும் சேர்க்கப்பட்டமையால் அவ்விளக்கம் முழுமையாகாது. உண்மையில் எண்ணிக்கையை உயர்த்துவது தேவையின் பெருக்கமும் பயணத் தொழிலை நம்பி வாழ்வோரின் நெருக்கடியுமே. அடிவாரத்து மக்களின் வயிற்றுப்பாடும் ஓர் அறக் காரணமே, அது இகழத்தக்கதன்று. ஆயின் அதனை அதன் பெயராலேயே கூறுதல் வேண்டும். கல்லின் பெயரால் ஒருவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, வருவாயின் பெயரால் மறுவாரம் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கூடுதலாக அனுமதித்தால், முன்னர் கூறிய காரணமும் நம்பத்தகாததாகிவிடும். விதியின் கடுமையை மக்கள் பொறுப்பர். அதன் பொய்ம்மையைப் பொறார்.

வழிகளைப் பிரித்து வழங்கும் முறை, இதற்கு மாறாக, பெரிதும் அளவுகோலுக்கு இயைவதே. ஒவ்வொருவருக்கும் நகர் முழுவதையும் காட்ட முயன்றால் மிகச் சிலரையே அனுமதிக்கலாம். ஒவ்வொருவரும் ஒரு பகுதியோடு அமைந்தாற் பலரை அனுமதிக்கலாம். முழுவதையும் காண வேண்டும் என்னும் வேட்கையை ஒவ்வொருவரும் சிறிது விட்டுக்கொடுப்பதனாற் பிறருக்கு இடம் உண்டாகின்றது. தமிழில் ஒப்புரவு எனப்படும் பண்பு இதுவேயாகும். மூன்றாவது சுற்றில் வருபவன் புகழ்பெற்ற புகைப்படத்தை இழக்கின்றான் என்பது மெய்யே. ஆயின் சாந்தின்றி இழைத்துப் பொருத்தப்பட்ட சுவர்களையும் நீரோடும் கல்வாய்க்கால்களையும் அருகே காண்கின்றான். ஒன்றைத் தெரிதல் என்பது மற்றொன்றைத் துறத்தலாம் என்பதை உணர்ந்து சீட்டு வாங்குபவனே பொறுப்புள்ள பயணியாவான். கம்பித்தடையைத் தாண்டுபவனும், காவலனுக்குக் கையூட்டு வழங்கி வழி மாற முயல்பவனும் விதியை மட்டும் மீறவில்லை. விட்டுக்கொடுத்த பிறரின் பங்கையே கவர்கின்றனர்.

ஈற்றில் ஒன்று கூறுதல் தகும். அந்நகர் அதன் சிறப்புக் காலத்திலும் யாவருக்கும் திறந்திருக்கவில்லை. அங்கு அடக்கம் செய்யப்பட்ட ஏவலரின் எலும்புகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்டு 2023இல் வெளியான மரபணு ஆய்வு, அவர்கள் அமேசன் பகுதி உட்படப் பேரரசின் பல்வேறு பகுதிகளிலிருந்து கொணரப்பட்டோர் எனக் காட்டுகின்றது. அரசன் ஓய்வுகொள்ளப் பலர் உழைத்தனர். இன்றும் இன்காப் பாதை வழியாக நடந்து வருவோருக்கான நாளாந்த வரம்பாகிய 500 பேருள், பயணிகளோடு அவர்தம் சுமைகளைத் தூக்கி வருவோரும் அடங்குவர். எண்ணுங்கால் இருவரும் ஒரு தலையே. ஆயின் ஒருவர் காண வருகின்றார், மற்றவர் சுமக்க வருகின்றார். உலகப் பொதுச் சொத்து என்னும் சொல் பொருளுடையதாக வேண்டுமாயின், கட்டியவரின் வழித்தோன்றல்களும் சுமப்பவரும் காணும் உரிமையுடையோராக அவ்வாயிலை அணுக இயலுதல் வேண்டும். அழியும் பொருளைக் காத்தல் கடமை. அக்கடமையின் சுமையை எளியோர் தோளில் மட்டும் ஏற்றாதிருத்தல் அதனினும் பெரிய கடமையாகும்.