விழுந்த போர்வையை எடுப்பவர் யார்?



இறந்த நம்பிக்கையாளர் அனைவரையும் நினைவுகூரும் இன்று, அரசர்கள் இரண்டாம் நூலின் இரண்டாம் அதிகாரத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். இறைவாக்கினர் எலியா விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறார். அவருடைய சீடர் எலிசா கதறுகிறார்; தம் உடையை இரண்டாகக் கிழித்துக்கொள்கிறார். பிறகு, கீழே விழுந்து கிடந்த தம் குருவின் போர்வையை எடுத்துக்கொண்டு யோர்தான் கரைக்கு வருகிறார். அந்தப் போர்வையாலேயே தண்ணீரை அடிக்கிறார். ஆறு பிரிந்து வழிவிடுகிறது.

நம் காலத்தில், போலந்து நாட்டு வீராங்கனைகள் இருவரின் வாழ்வில் நடந்த ஒன்றை இந்தப் பகுதி எனக்கு நினைவூட்டுகிறது. சங்கிலிக் குண்டு எறிதல் என்ற விளையாட்டைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பெண்கள் எறியும் குண்டு 4 கிலோ எடை. கம்பியில் கோத்த அந்தக் குண்டைப் பிடித்துக்கொண்டு, 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் சுழன்று சுழன்று வீச வேண்டும். கைப்பிடி விரல்களை அறுத்துவிடாதபடி ஒரு கையில் கையுறை அணிவார்கள்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இந்தப் போட்டி முதன்முதலாக நடந்தது 2000-ஆம் ஆண்டு, சிட்னியில். அன்று 71.16 மீட்டர் வீசித் தங்கம் வென்றவர் போலந்தின் கமிலா ஸ்கோலிமோவ்ஸ்கா. வயது 17. 2009 பிப்ரவரியில் போர்த்துகலில் நடந்த பயிற்சி முகாமில் அவர் திடீரென இறந்துபோனார். நுரையீரலில் இரத்தக்கட்டி. வயது 26.

அவருடைய சக வீராங்கனை அனிதா வோதார்சிக். அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் உலகப் போட்டியில் 77.96 மீட்டர் வீசி உலக சாதனை படைத்தார். 2015-இல் 80 மீட்டரைத் தாண்டிய முதல் பெண்ணானார். 2016 ஆகஸ்ட் 15, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா நாளில், ரியோ ஒலிம்பிக்கில் 82.29 மீட்டர் வீசித் தங்கம் வென்றார். அப்போது அவர் அணிந்திருந்தது கமிலாவின் கையுறை! பதின்மூன்று நாள் கழித்து வார்சாவில், கமிலாவின் நினைவாக நடத்தப்படும் போட்டியில் 82.98 மீட்டர் வீசித் தம் சாதனையைத் தாமே முறியடித்தார். லண்டன், ரியோ, டோக்கியோ என மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் அவருடையவை. லண்டனில் அவரை முந்தியவர் ஊக்கமருந்துக் குற்றத்துக்காகப் பட்டத்தை இழந்ததால், அந்தத் தங்கம் ஆண்டுகள் கழித்தே அவர் கைக்கு வந்தது.

அன்பர்களே, அந்தக் கையுறையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாலை போட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அனிதா அதை வியர்வையில் நனையவிட்டார். தோழி நின்ற அதே வட்டத்துக்குள் அதோடு இறங்கினார். கமிலா எட்டாத தூரத்தை அந்தக் கையுறையே எட்டியது. எலிசாவும் எலியாவைப் போல நடித்துக் காலம் தள்ளவில்லை. கைம்பெண்ணின் எண்ணெய்க் குடங்களை நிரப்பவும், நாமானின் தொழுநோயைப் போக்கவும் ஆண்டவர் அவருக்கென்றே தனிப் பணிகள் கொடுத்தார்.

புனிதர்களின் உறவு ஒன்றிப்பை நம்புகிறோம் என்று நம்பிக்கை அறிக்கையில் சொல்கிறோம். இறந்தோருக்காக மன்றாடுவது அந்த நம்பிக்கையின் ஒரு பாதி. அவர்கள் பாதியில் விட்டுச்சென்ற நன்மையை நாம் தொடர்வது மறுபாதி. அழ வேண்டிய நேரத்தில் அழுங்கள். எலிசாவும் அழுதார், இலாசரின் கல்லறை முன் நம் ஆண்டவரும் அழுதார். ஆனால் அழுகையோடு நின்றுவிடாதீர்கள்.

இன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும்போது உங்களையே கேட்டுப் பாருங்கள். என் தாய் எந்த நோயாளியைத் தவறாமல் போய்ப் பார்த்தார்? என் தந்தை எந்த ஏழைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் சத்தமில்லாமல் கட்டினார்? பிரிந்த உறவுகளைச் சேர்த்துவைக்க என் பாட்டி யார் வீட்டுப் படியேறினார்? அந்த நோயாளியை இப்போது யார் பார்க்கிறார்கள்? அந்தப் பிள்ளைக்கு யார் கட்டுகிறார்கள்? ஒருவரும் இல்லையென்றால், அந்தப் போர்வை இன்னும் தரையில்தான் கிடக்கிறது. இந்த வாரமே அதை எடுங்கள். நம் முன்னோரின் விசுவாசத்தைத் தாங்கிய இறைவன், நம் கைகளுக்கும் வலிமை தருவாராக. ஆமென்.