வீணாகும் பிரயாசை

எந்தத் தொழிலைச் செய்பவனும் தன் உழைப்பு பலிக்க வேண்டும் என்றுதான் விரும்புவான். விதைத்தவன் அறுவடையையும், வைத்தியம் பார்ப்பவன் நோயாளி எழுந்து நடமாடுவதையும் எதிர்பார்ப்பது மனித சுபாவம். ஆனால் வருஷந்தோறும் புரட்டாசி பிறந்ததும் மணல் மூட்டைகளையும் சவுக்குக் கட்டைகளையும் எண்ணி அடுக்கி, ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்து, கல்யாண மண்டபங்களின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வைத்துவிட்டு, இவற்றில் ஒன்றுகூடப் பயன்படாமல் மார்கழி கழிந்துபோக வேண்டுமே என்று ஏங்குகிற உத்தியோகம் ஒன்று உண்டு. நாகப்பட்டினம் கடற்கரையை ஒட்டிய தாலுகாக்களில், வருவாய்த் துறையில், நெடுங்காலம் அந்த உத்தியோகத்தைப் பார்த்தவன் நான். தன் பிரயாசையெல்லாம் வீணாகப் போகட்டும் என்று மனமாரப் பிரார்த்திக்கிறவன், அந்தப் பிரயாசையை எந்த மனத்தோடு செய்வது என்ற கேள்வி, ஓய்வு பெற்ற பின்பும் என்னை விட்டபாடில்லை.

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்ற கீதையின் உபதேசத்தை எனக்குச் சமாதானமாகச் சொல்லும் நண்பர் ஒருவர் உண்டு. அந்தச் சமாதானம் எனக்குப் பூரண திருப்தி அளித்ததில்லை. புயல் வரக் கூடாது என்பதில் எனக்கு இருந்த பற்று சாமானியமானதன்று. 1952-லும் 1977-லும் புயல் அடித்துத் துவைத்த கரை அது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களைக் கடல் கொண்டுபோன கரை. அங்கே உத்தியோகம் பார்ப்பவனிடம் போய்ப் பற்றற்றிரு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இந்த வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ரப்பர் படகையும் ஆரஞ்சு நிற உடுப்பையும் நினைத்துக்கொள்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆட்சித் தலைவரை மாவட்ட அதிகார சபைக்குத் தலைவராக்கியது, கட்டுப்பாட்டு அறையில் 1077 என்ற தொலைபேசி இரவு பகலாக ஒலிக்கிறது, எல்லாம் அவசியமானவையே. ஆனால் வேலையின் உயிர் இருப்பது கிராம நிர்வாக அலுவலரின் கையில் அழுக்கேறிக் கிடக்கும் நோட்டுப் புத்தகத்தில். எந்த வாய்க்கால் உடைந்தால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், யாரிடம் டிராக்டர் இருக்கிறது, மரம் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த பையன் ஊரில் இருக்கிறானா திருப்பூருக்குப் போய்விட்டானா, எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கார்த்திகையில் பிரசவம், எந்தக் கிழவருக்குக் கண் தெரியாது என்பன போன்ற, எந்தச் சரித்திரத்திலும் ஏறாத அற்ப விவரங்களே ஆபத்துக் காலத்தில் மனிதர்களைக் கரையேற்றுகின்றன. 1980-ல் பரம்பரைக் கர்ணங்களும் மணியக்காரர்களும் ஒழிக்கப்பட்டார்கள். அவர்களுடைய அதிகாரம் போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆயினும் ஒரு ஊரின் ஒவ்வொரு திண்ணையையும் மனப்பாடமாக அறிந்திருந்த அந்த ஞாபகம் அவர்களோடு போய்விட்டது. இரண்டு மூன்று வருஷத்துக்கொரு முறை மாற்றலாகிப் போகிறவர் அதை ஒவ்வொரு தடவையும் ஆதியிலிருந்து சேகரிக்க வேண்டியிருக்கிறது.

2016-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் ‘நாடா’ என்று பெயரிடப்பட்ட புயல் எங்கள் கரையை நோக்கி வந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது, படகுகள் கரையேற்றப்பட்டன, குடிசைகளில் இருந்தவர்களை ஒலிபெருக்கி வைத்து அழைத்து முகாம்களில் சேர்த்தோம். புயலோ கரையை அடையுமுன்பே வலுவிழந்து, 2-ஆம் தேதி காலையில் வெறும் தாழ்வு மண்டலமாகக் காரைக்கால் அருகே கடந்து போயிற்று. பத்தே நாளில் ‘வர்தா’ சென்னையைப் பிய்த்து எறிந்தபோது, வானிலைக்காரர்கள் கண்டபடி பயமுறுத்துகிறவர்கள் அல்லர் என்பது ஊர்ஜிதமாயிற்று. ஆனால் அது சென்னைக்காரர்களுக்குக் கிடைத்த ஊர்ஜிதம். எங்கள் குப்பங்களில் நிலைத்தது ‘நாடா’வின் ஞாபகம்தான்.

அது எவ்வளவு ஆழமாக நிலைத்திருந்தது என்பதை 2018 நவம்பர் 15-ஆம் தேதி, கஜா புயல் வருவதற்கு முந்திய பிற்பகலில், நேரில் கண்டேன். வேதாரண்யத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில், ஓலைக் குடிசையின் வாசலில் மூன்று ஆடுகளைக் கட்டிக்கொண்டு ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றது, அவர் அசையவில்லை.

“நான் வந்துடுறேங்க ஐயா, இதுங்கள யாரு பாப்பா? போன தடவையும் வா வான்னு கூட்டிட்டுப் போனீங்க. புயலும் வரல. திரும்பி வந்து பாத்தா ஒரு குட்டியக் காணோம். அந்தக் குட்டிக்கு எந்த ஆபீசுல மனு குடுக்கிறது?”

“இந்தத் தடவை நிச்சயம் அடிக்கும்மா” என்றேன். அது அவருடைய கேள்விக்கு விடையாகாது என்பது எனக்கே தெரிந்திருந்தது. புயலில் இறந்த ஆட்டுக்குக் கால்நடை மருத்துவரின் சான்றின்பேரில் நிவாரணம் உண்டு. வராத புயலின் பெயரால் காணாமற்போன குட்டிக்கு எங்கள் விதிகளில் இடமே இல்லை. கிராம உதவியாளர் முன்வந்து, தம் காங்கிரீட் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆடுகளைக் கட்டிக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்ற பிறகுதான் அந்த அம்மாள் எழுந்தார்.

நண்பரின் கீதைச் சமாதானத்தில் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது எது என்று அன்றுதான் தெளிவாயிற்று. என் பிரயாசை வீணானால் எனக்கு என்ன நஷ்டம்? மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. வீணானதைக் கொண்டாடும் உயர்ந்த மனமும் எனக்கு எளிதில் வாய்க்கிறது. என் சொல்லைக் கேட்டு எழுந்து வந்தவர்களுக்கு அப்படியில்லை. ஒரு நாள் கடலுக்குப் போகாதவனின் வரும்படியும், உப்பளக் கூலியும், ஆட்டுக் குட்டியும் அல்லவா அந்த வீண் கணக்கில் பற்று எழுதப்படுகின்றன? அடுத்தவர் செலவில் பற்றற்றிருப்பது சுலபம்.

ஒடிசாவைப் பற்றி எல்லோரும் வியந்து பேசுவார்கள், நியாயமான வியப்புதான். 1999-ல் அடித்த பெரும் புயலில் அங்கே ஏறக்குறையப் பதினாயிரம் பேர் மாண்டார்கள். 2013-ல் ‘பைலின்’ வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் சாவு ஐம்பதுக்குள் அடங்கிற்று. அந்தப் பத்து லட்சம் பேரும் உத்தரவுக்குப் பணிந்து மட்டும் எழுந்து வந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எங்கள் பக்கத்து மீனவக் கிராமங்களிலும், கலெக்டரின் அறிக்கையைவிட ஊர்ப் பஞ்சாயத்து நாட்டாரின் ஒரு வார்த்தைக்கு ஜனங்கள் விரைந்து எழுவார்கள். நஷ்டம் என்றால் அவரிடம் போய் வழக்காடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்களிடம் வழக்காட இடம் எங்கே?

கஜா அன்றிரவு நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முகாம்களில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். விடிந்ததும் பார்த்தால், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் விழுந்த கணக்கு லட்சத்தைத் தொட்டது. நட்டு ஐந்தாறு வருஷம் காத்திருந்தால்தான் காய்க்கும் மரத்தை இழந்தவனிடம் உயிர் தப்பியதல்லவா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உயிரைக் காக்கும் ஏற்பாட்டில் நாங்கள் தேர்ந்திருந்த அளவுக்குப் பிழைப்பைக் காக்கும் ஏற்பாட்டில் தேரவில்லை என்பதே உண்மை.

2020-ல் ‘புரெவி’ வருகிறதென்று எச்சரிக்கை வந்தபோது, முகாமாக ஒதுக்கிய பள்ளிக்கூடத்தின் பின்புறம் கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டி, ஆடு மாடுகளையும் கூடவே ஓட்டி வரச் சொன்னோம். ஆடுகளின் காதில் எண் எழுதிய துணியைக் கட்டி நோட்டில் பதிந்துகொண்டோம். வகுப்பறையெல்லாம் நாறிப்போகும் என்று தலைமை ஆசிரியர் ஆட்சேபித்தார்; அவர் ஆட்சேபித்தது நியாயமே, நாறத்தான் செய்தது. அந்தப் புயலும் எங்கள் கரையை எட்டாமல் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து, மழையை மட்டும் கொட்டித் தீர்த்தது. ஜனங்கள் ஆடுகளை எண்ணிப் பார்த்து ஓட்டிக்கொண்டு, எங்களைத் திட்டாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள். தணிக்கைக்கு வந்தவர்தான் ஆட்டுக் கொட்டகைச் செலவு எந்தத் தலைப்பில் வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ‘இதர’ என்று எழுதிக் கொடுத்தோம்.