அரிச்சுவடிக்குத் திரும்பிய கைகள்

ஆஷ்விட்ஸ், ஹாம்பர்க், பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாம்களைத் தாண்டி 1945இல் பில்சன் நகருக்குத் திரும்பியபோது செக் இசைக்கலைஞர் சுசானா ரூழிச்கோவாவுக்கு வயது 18. முகாம்களின் கட்டாய வேலையில் கைகள் சிதைந்திருந்தன. அவற்றைப் பார்த்ததும் பழைய இசை ஆசிரியை அழுதேவிட்டார். இனி பியானோ வாசிக்க முடியாது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ரூழிச்கோவாவோ முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நன்றாக வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் அரிச்சுவடிக்குத் திரும்புவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! 1956இல் மியூனிக் சர்வதேச இசைப் போட்டியில் வென்றார். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் விசைப்பலகைப் படைப்புகள் முழுவதையும், பியானோவுக்கு முந்தைய வாத்தியமான ஹார்ப்சிகார்டில் பதிவுசெய்த முதல் கலைஞர் அவரே. அந்தப் பதிவுகள் 2016இல் 20 குறுந்தகடுகளாக மறுபடி வெளிவந்தன. அப்போது அவருக்கு வயது 89.