எதிர்நோக்கைப் பற்றிக் கேட்டால்

பேதுருவின் முதல் திருமுகம் 3ஆம் அதிகாரத்தில், விடையளிக்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பது நம் நினைவில் நிற்கிறது. பணிவும் மரியாதையும் அதை அடுத்தே வருவதை மறந்துவிடுகிறோம். விடை என்பதற்குக் கிரேக்க மூலத்திலுள்ள 'அப்பொலோகியா' என்னும் சொல், குற்றஞ்சாட்டப்பட்டவர் மன்றத்தில் தம் தரப்பை எடுத்துரைப்பதைக் குறிக்கும். கலாத்தியா, கப்பதோக்கியா முதலிய இன்றைய துருக்கிப் பகுதிகளில் சிதறி வாழ்ந்து, அயலாரின் பழிச்சொல்லைச் சுமந்தவர்களிடமே மென்மை கேட்கப்படுகிறது. (நாமோ ஒரு கேலிக்கே முகம் சிவக்கிறோம்.)

மென்மை என்னும் பெயரால், 'எல்லாம் ஒன்றுதானே' என்று நழுவுவது மரியாதையன்று. கேட்டவரை விடைக்குத் தகுதியற்றவராய்க் கருதுவதாகும். அவர் கேட்பதும் கோட்பாட்டை அன்று, நம் எதிர்நோக்கையே.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். அண்மையில் தாயை இழந்த பிற சமய நண்பர், "இறந்தவருக்கு ஏன் மன்றாட்டு?" என்கிறார். கிறிஸ்து உயிர்த்தார், ஆகவே இறந்தோர் அவர் கையில் உள்ளனர் என்பதை நாம் மறைக்கலாகாது. "அப்படியானால் என் தாய்?" என்பதே அவர் கேளாத அடுத்த கேள்வி. அதற்குத் தீர்ப்புரைக்கும் உரிமை நமக்கில்லை. தூய ஆவியார் செயலாற்றும் எல்லையை இரண்டாம் வத்திக்கான் சங்கமே குறுக்கவில்லை. நம் எதிர்நோக்கைச் சொல்லிவிட்டு, அவர் தம் தாயைப் பற்றிப் பேசுவதைத் திரி அணையும்வரை கேட்டு நிற்கலாம்.